திருச்சி டூ மெல்போர்ன், நடுவுல கோலாலம்பூர், ரெண்டும் தனித்தனி டிக்கெட்: எத்தனை மணி நேரம் விடணும்?

கேள்வி என்னன்னு முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். புதுக்கோட்டைலேருந்து அப்பா அம்மா முதல் தடவையா மெல்போர்ன்ல இருக்கற மகன் வீட்டுக்குப் போறாங்க. திருச்சிலேருந்து கோலாலம்பூர் வரைக்கும் ஏர் ஏசியா, அங்கேருந்து மெல்போர்னுக்கு மலேசியா ஏர்லைன்ஸ், ரெண்டையும் தனித்தனியா போட்டா ஆளுக்கு 11,000 ரூபா மிச்சமாகுது. நடுவுல 2 மணி 45 நிமிஷம் இருக்கு. ஆளுக்கு 25 கிலோ பெட்டி ஒண்ணு, அம்மாவுக்கு முட்டி வலி, வீல்சேர் சொல்லணும். இது போதுமான்னு கேக்கறீங்க.

போதாதுங்க. முதல் விமானம் கரெக்ட் டயத்துக்கு வந்து இறங்கினாலே போதாது, அரை மணி லேட்டுன்னா சுத்தமா வாய்ப்பே இல்ல. நான் திருச்சில டிக்கெட் புக்கிங் வேலை பாக்கறேன், இந்த மாதிரி கேள்வி தினமும் வருது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, ரெண்டு டிக்கெட்னா ரெண்டு தனி ஒப்பந்தம். திருச்சிலேருந்து உங்க அப்பா அம்மாவ கோலாலம்பூர்ல கொண்டு போய் இறக்கினதோட ஏர் ஏசியாவோட வேலை முடிஞ்சுது, அவங்க 3 மணி நேரம் லேட்டா இறக்கினாலும் "உங்க பயணம் கோலாலம்பூர் வரைக்கும்தானே, வந்து சேந்துட்டீங்களே"ன்னுதான் கணக்கு, ஏன்னா அதுக்கப்புறம் இன்னொரு டிக்கெட் இருக்கறதே அவங்க சிஸ்டத்துல கிடையாது. மலேசியா ஏர்லைன்ஸ் பக்கம் பாத்தா, கவுண்டர் மூடறதுக்குள்ள வராத ரெண்டு பயணிங்க, அவ்வளவுதான், முந்தின விமானம் லேட்டுங்கறது அவங்களுக்கு சம்பந்தமில்லாத விஷயம். நம்ம ரயில்ல 2019 ஏப்ரல்லேருந்து ரெண்டு பிஎன்ஆர லிங்க் பண்ற வசதி இருக்கு, முதல் ரயில் லேட்டாகி ரெண்டாவதை விட்டுட்டா ரெண்டாவதுக்கான காசு திரும்ப வந்துடும், அத பாத்துப் பழகினவங்க விமானத்துலயும் ஏதாவது லிங்க் பண்ணலாமான்னு கேக்கறாங்க. தனித்தனியா வாங்கின டிக்கெட்டுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது.

இதுல நிறைய பேர் குழப்பிக்கறது ஒண்ணு இருக்கு. ஏர்லைன் வேற வேறயா இருக்கறது பிரச்சனையே இல்ல. ஒரே டிக்கெட்ல முதல் விமானம் இண்டிகோவும் அடுத்தது கத்தார் ஏர்வேஸும் வந்தா தாராளமா போங்க, பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போயிடும், முதல் விமானம் லேட்டாகி அடுத்ததை விட்டுட்டா வேற விமானத்துல ஏத்தி விடறது அவங்க பொறுப்பு. ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மினிமம் கனெக்டிங் டைம்னு, அதாவது விமானம் மாற வேண்டிய குறைஞ்சபட்ச நேரம்னு, ஒண்ணு வெச்சிருக்காங்க, அதுக்குக் குறைவா ஒரே டிக்கெட்ல போடவே சிஸ்டம் விடாது. நெட்ல பாத்துட்டு "கோலாலம்பூர்ல மினிமம் டைம் இவ்வளவுதான், எனக்கு 2 மணி 45 நிமிஷம் இருக்கே"ன்னு சொல்றவங்க உண்டு. அந்தக் கணக்கு ஒரே டிக்கெட்ல, பெட்டி தானா மாறிப் போற பயணிக்குப் போட்ட கணக்கு, உங்க அப்பா அம்மாவுக்கு அது பொருந்தாது.

இப்ப கோலாலம்பூர்ல என்ன நடக்கும்னு படிப்படியா பாருங்க. ஏர் ஏசியா இறங்கறது டெர்மினல் 2ல, 2014ல திறந்தப்ப கேஎல்ஐஏ2ன்னு சொன்னாங்களே அதேதான். மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்பறது டெர்மினல் 1ல. ரெண்டும் ஒரே ஏர்போர்ட்னு பேரு, ஆனா உள்பக்கமாவே நடந்து போயிடற மாதிரி வழி கிடையாது, வெளிய வந்துதான் போகணும். வெளிய வரணும்னா மலேசியாவுக்குள்ள நுழையணும், அதாவது இமிகிரேஷன் வரிசை. கையில பெட்டியே இல்லாம ஒரு பையோட மட்டும் போனாலும் இந்த ரூட்ல இதுதான் நிலைமை.

டிக்கெட்ல போட்டிருக்கற வரவு நேரம் விமானம் வந்து நிக்கற நேரம். அப்புறம் கதவு திறந்து, முன்னாடி இருக்கறவங்க மேல இருக்கற பையெல்லாம் எடுத்து நகந்து, உங்க சீட் வரைக்கும் வழி வர 15 நிமிஷம் ஆகும். டெர்மினல் 2ல கேட்லேருந்து இமிகிரேஷன் வரைக்கும் நடை ரொம்ப தூரம், விமானம் தள்ளி இருக்கற பக்கத்துல நின்னா நடுவுல ஒரு பெரிய பாலத்துல ஏறி வேற நடக்கணும், சாதாரணமா நடக்கறவங்களுக்கே 15, 20 நிமிஷம். இமிகிரேஷன்ல அதே நேரத்துல நாலு விமானம் இறங்கியிருந்தா ஒரு மணி நேரம் கூட நிக்க வேண்டி வரும், ஆளே இல்லாத நேரமா இருந்தா 15 நிமிஷத்துல முடியும், உங்களுக்கு எது அமையும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. அப்புறம் பெல்ட்ல பெட்டி வரணும், கஸ்டம்ஸ் தாண்டணும், கீழ இறங்கி ரயில் பிடிக்கணும். ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல ரயில்ல 3 நிமிஷம்தான், டிக்கெட் 2 ரிங்கிட், ஆனா ரயில் வர காத்திருக்கறது, டிக்கெட் எடுக்கறது, ரெண்டு பெட்டிய இழுத்துக்கிட்டு லிஃப்ட்டுக்கு நிக்கறது, டெர்மினல் 1ல இறங்கி புறப்பாடு மாடிக்குப் போய் எந்த வரிசைல நம்ம கவுண்டர்னு தேடறது எல்லாம் சேத்தா 30, 40 நிமிஷம் ஓடிடும். அங்க போய் மறுபடி வரிசை.

அந்தக் கவுண்டர் விமானம் கிளம்பற நேரம் வரைக்கும் திறந்திருக்காது, வெளிநாட்டு விமானத்துக்கு பொதுவா ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடுவாங்க, சில ஏர்லைன் 75 நிமிஷம் முன்னாடியே. அதனால உங்க 2 மணி 45 நிமிஷத்துல ஒரு மணி நேரத்த முதல்லயே கழிச்சிடுங்க. மிச்சம் 1 மணி 45 நிமிஷம். மேல நான் சொன்னதையெல்லாம் பெரிய தடங்கல் இல்லாம சாதாரணமா நடந்தா ஆகற நேரம்னு வெச்சுக் கூட்டினாலே ரெண்டு மணி நேரம் தாண்டுது. கவுண்டர் தாண்டினப்புறமும் வேலை முடியல, அந்தப் பக்கம் இமிகிரேஷன், செக்யூரிட்டி, மெல்போர்ன் மாதிரி தூர விமானம்னா தள்ளி இருக்கற சாட்டிலைட் கட்டடத்துல கேட் விழவும் வாய்ப்பு, அங்க போக ஏரோட்ரெயின்னு ஏர்போர்ட்டுக்குள்ளயே ஓடற குட்டி ரயில். அந்த ஏரோட்ரெயின் 2023 மார்ச்ல நின்னு போயி ரெண்டு வருஷத்துக்கு மேல பஸ்லதான் கூட்டிட்டுப் போனாங்க, 2025 ஜூலைல மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கு, அந்த வகைல இப்ப கொஞ்சம் பரவாயில்ல.

அம்மாவோட வீல்சேர் விஷயம் தனியா சொல்லணும், இத யாரும் யோசிக்கறதே இல்ல. வீல்சேர் சொன்னவங்கள விமானத்துலேருந்து கடைசியாதான் இறக்குவாங்க, எல்லாரும் இறங்கின அப்புறம், வீல்சேர் தள்றவர் வர வரைக்கும் சீட்லயே உக்காந்திருக்கணும். இமிகிரேஷன்ல தனி வரிசைல விட்டா அந்த நேரம் கொஞ்சம் ஈடாகும். ஆனா முக்கியமானது, முதல் ஏர்லைன் குடுத்த வீல்சேர் அவங்க டெர்மினல் வாசலோட முடிஞ்சிடும். மலேசியா ஏர்லைன்ஸ்ல சொன்ன வீல்சேர் அவங்க செக்-இன் கவுண்டர்லதான் ஆரம்பிக்கும். நடுவுல ரயில் ஸ்டேஷன், லிஃப்ட், ரெண்டு பெட்டி, இந்த முழுத் தூரமும் யாரோட பொறுப்பும் இல்ல. ஒரே டிக்கெட்னா இந்த இடைவெளி வராது. முட்டி வலியோட இருக்கற ஒருத்தங்கள, மொழி தெரியாத ஊர்ல, கடிகாரத்தப் பாத்துக்கிட்டே ஓட விடறதுக்கு 22,000 ரூபா மிச்சம் ஒரு காரணமே ஆகாதுங்க.

சரி, விட்டுட்டா என்ன ஆகும்? இதுதான் உண்மையான கணக்கு. மெல்போர்ன் டிக்கெட்ல நோ-ஷோன்னு, அதாவது பயணி வரவே இல்லன்னு, விழுந்துடும். மலிவான டிக்கெட்ல நோ-ஷோன்னா பெரும்பாலும் காசு போச்சு, கொஞ்சம் வரி மட்டும் திரும்பக் கேக்கலாம். அதோட முடியாது, போக வர ஒரே டிக்கெட்டா போட்டிருந்தா போற விமானத்துல ஏறலன்னதும் திரும்பி வர விமானத்தையும் சிஸ்டம் தானா கேன்சல் பண்ணிடும், ரெண்டு மாசம் கழிச்சு ஊர் திரும்ப ஏர்போர்ட்டுக்குப் போனப்பதான் அது தெரிய வந்தவங்களும் உண்டு. அன்னிக்கே கிளம்பற விமானத்துல புது டிக்கெட் வாங்கினா நீங்க மூணு மாசம் முன்னாடி போட்ட விலைல ரெண்டு மடங்கு கேட்டாலும் ஆச்சரியமில்ல, அதுவும் ரெண்டு பேருக்கு, அதுவும் சீட் இருந்தாதான். இல்லன்னா ரூம் போட்டு மறுநாள் வரைக்கும் தங்கணும். மிச்சம் பண்ணின 22,000 இதுல எந்த மூலைக்கு?

அப்படி விடப்போறோம்னு உறுதியா தெரிஞ்சிட்டா ஒண்ணு மட்டும் உடனே பண்ணுங்க, ரெண்டாவது விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஏர்லைனுக்கு போன் பண்ணி தேதி மாத்தச் சொல்லுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டா மாத்தற கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டிட்டு அதே டிக்கெட்ட காப்பாத்த நிறைய டிக்கெட்ல வழி இருக்கு, எவ்வளவு நேரம் முன்னாடி சொல்லணும்னு டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும், அத புக் பண்றப்பவே படிச்சு வெச்சுக்கோங்க. கிளம்பிப் போன அப்புறம் கேட்டா பேச்சே வேற. எங்ககிட்ட டிக்கெட் போட்ட ஒருத்தர், திருச்சிலயே விமானம் நாலு மணி நேரம் லேட்டுன்னு போர்டுல போட்டதும் அங்கேருந்தே எங்களக் கூப்பிட்டார், அடுத்த டிக்கெட்ட மறுநாளைக்கு மாத்திட்டோம், கட்டணம் கட்டினாலும் டிக்கெட் நின்னுது. அதே விமானத்துல போன இன்னொரு குடும்பம் "போய்ப் பாத்துக்கலாம்"னு போயிட்டாங்க, நாலு டிக்கெட்டும் போச்சு. ஊர்லயே லேட்டுன்னு தெரிஞ்சா அப்பவே முடிவெடுங்க.

அப்ப எத்தனை மணி நேரம் விடணும்னு கேட்டா, ஏர்போர்ட்ட மட்டும் பாத்து நான் நம்பர் சொல்ல மாட்டேன். மூணு விஷயம் பாப்பேன். விட்டுட்டா அடுத்த விமானம் எப்ப, அதுக்கு என்ன விலை ஆகும், போறது யாரு. கையில ஒரு பையோட தனியா போற 25 வயசு பையன், அடுத்த விமானம் ரெண்டு மணி நேரத்துல இருக்கு, டிக்கெட் 5,000 ரூபான்னா, ஒரே டெர்மினல்ல 3 மணி நேரம் விட்டுட்டுப் போன்னு சொல்லிடுவேன். பெட்டி எடுத்து, இமிகிரேஷன் தாண்டி, மறுபடி செக்-இன் பண்ணணும்னா 5 மணி நேரத்துக்குக் குறைய மாட்டேன். டெர்மினலும் மாறணும்னா 6. அடுத்து பிடிக்க வேண்டியது தூர தேசத்து விமானம், ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுதான், விலையும் ஜாஸ்தின்னா, முதல் நாளே போய்ச் சேந்து ராத்திரி தங்கிடுங்கன்னுதான் சொல்வேன். உங்க அப்பா அம்மா கேஸ் இந்தக் கடைசி வகை.

இதுல ஒரு நல்ல விஷயம், போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே அளவு நேரம் விடணும்னு அவசியம் இல்ல. போறப்ப பின்னாடி நிக்கறது விலை ஜாஸ்தியான மெல்போர்ன் விமானம், அதனால நடுவுல நிறைய விடணும். திரும்பி வரப்ப பின்னாடி இருக்கறது கோலாலம்பூர்–திருச்சி, அது நாலு மணி நேர விமானம், திருச்சிக்கு ஏர் ஏசியா, பாட்டிக் ஏர்னு ஒண்ணுக்கு மேல சர்வீஸ் இருக்கு, விட்டாலும் நஷ்டம் கம்மி. அங்க 6 மணி நேரம் போதும்.

முதல் விமானம் எப்படி வருதுன்னு நீங்களே பாக்கலாம். ஃப்ளைட்ரேடார்24 தளத்துல விமான நம்பரப் போட்டா கடந்த ஒரு வாரமா எத்தனை மணிக்கு இறங்கிச்சுன்னு காசில்லாமலே காட்டும். அதுல சராசரியப் பாக்காதீங்க, இருக்கறதுலயே மோசமான நாளப் பாருங்க, அந்த நாள்ல நீங்க போயிருந்தா அடுத்தது கிடைச்சிருக்குமான்னு யோசிங்க. வருஷத்துல எந்த மாசம்ங்கறதும் முக்கியம். நவம்பர் டிசம்பர்ல சென்னை வழியா போறதா இருந்தா மழையையும் கணக்குல சேக்கணும், 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை ஏர்போர்ட் பல நாள் மூடிக் கிடந்துது, 2023ல மிக்ஜாம் புயலுக்கும் 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயலுக்கும் மூடினாங்க. டெல்லின்னா டிசம்பர் ஜனவரி மூடுபனி. 2024 ஜூலை 19 அன்னிக்கு கிரவுட்ஸ்டிரைக் சாஃப்ட்வேர் கோளாறுல உலகம் பூரா கம்ப்யூட்டர் நின்னு, நம்ம ஊர் ஏர்போர்ட்ல போர்டிங் பாஸ கையால எழுதிக் குடுத்தாங்க, 2025 டிசம்பர் முதல் வாரத்துல பைலட் டியூட்டி நேரம் சம்பந்தமா இண்டிகோல ஆயிரக்கணக்குல விமானம் ரத்தாச்சு. இந்த மாதிரி நாள்ல ஒரே டிக்கெட் வெச்சிருந்தவங்க கஷ்டப்பட்டாலும் எப்படியாவது ஊர் சேத்து விட வேண்டிய ஆள் ஒருத்தர் இருந்தாங்க, தனித்தனி டிக்கெட் வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டாவது டிக்கெட்ட யார்கிட்டயும் கேக்க வழியில்ல.

லேட்டாகறத விட அடிக்கடி நடக்கறது இன்னொண்ணு, ஏர்லைன்காரங்களே டைம மாத்திடறது. நீங்க ஏப்ரல்ல போட்ட டிக்கெட்டுக்கு செப்டம்பர்ல ஒரு மெயில் வரும், உங்க விமானம் ரெண்டு மணி நேரம் தள்ளிப் போயிருக்குன்னு. உலக அளவுல விமான அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுது, அந்தத் தேதிக்கு அப்புறம் போற டிக்கெட்ட முன்கூட்டியே போட்டா டைம் மாற நிறைய வாய்ப்பு இருக்கு. ஒரே டிக்கெட்னா கனெக்‌ஷன் அடிபட்டா அவங்களே வேற மாத்தித் தருவாங்க. தனி டிக்கெட்னா மாறின டிக்கெட்டுக்கு மட்டும் ரீஃபண்டோ தேதி மாத்தறதோ கிடைக்கும், அது பின்னாடி நிக்கற மெல்போர்ன் டிக்கெட்ட அவங்க தொட மாட்டாங்க. அதனால டிக்கெட் போடறப்ப யார் போன் நம்பர், யார் மெயில் ஐடி குடுக்கறீங்கன்னு பாத்துக் குடுங்க, ஏஜென்ட் நம்பரையே போட்டு விட்டா அந்தச் செய்தி உங்களுக்கு வந்தே சேராது.

விசா பக்கம் வரேன். தனித்தனி டிக்கெட்ல பெட்டி எடுக்க வெளிய வரணும்னா அந்த நடு நாட்டுக்குள்ள நுழையற உரிமை வேணும், ட்ரான்ஸிட்தானேன்னு சொன்னா செல்லாது. மலேசியால இப்ப இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 2023 டிசம்பர்லேருந்து 30 நாள் வரைக்கும் விட்டிருக்காங்க, 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, ஆனா எம்டிஏசின்னு டிஜிட்டல் வருகை அட்டை ஒண்ணு இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். அது இலவசம், மலேசிய இமிகிரேஷன் துறையோட தளத்துல மட்டும் போடுங்க, காசு கேக்கற தளம் நிறைய திரியுது. இதே கேள்விய சிங்கப்பூர் வழியா கேட்டிருந்தீங்கன்னா பதில் வேற, இந்தியர்களுக்கு அங்க விசா வேணும், ஆஸ்திரேலியா மாதிரி சில நாட்டு விசா கையில இருந்தா நிபந்தனைகளோட 96 மணி நேரம் விசா இல்லாம விடற ஏற்பாடு ஒண்ணு இருக்கு, அத நம்பிப் போறவங்க நிபந்தனைய வரி வரியா படிச்சிட்டுப் போகணும், ஏன்னா தடுக்கறது சிங்கப்பூர்ல இல்ல, திருச்சி கவுண்டர்லயே ஏத்த மாட்டாங்க. லண்டன்ல ஹீத்ரோல இறங்கி கேட்விக்ல ஏறற மாதிரி போடறவங்களும் இதே மாதிரி பிரிட்டனுக்குள்ள நுழையற விசாவ முதல்ல பாருங்க.

ஏர்போர்ட் பேரையும் கவனிங்க. பாங்காக்னா சுவர்ணபூமி ஒண்ணு, டான் முவாங் ஒண்ணு, நகரத்தோட வேற வேற பக்கம். இஸ்தான்புல்லயும் ரெண்டு. மும்பைல டெர்மினல் 1க்கும் 2க்கும் ரோட்டுல சுத்திதான் போகணும், இப்ப 2025 டிசம்பர் கடைசிலேருந்து நவி மும்பை ஏர்போர்ட்டும் ஓட ஆரம்பிச்சிருக்கு, மும்பைன்னு மட்டும் பாத்து டிக்கெட் போட்டா மாட்டிக்குவீங்க. டெல்லில டெர்மினல் 1க்கும் 3க்கும் பல கிலோமீட்டர். சென்னை இந்த விஷயத்துல நிம்மதி, உள்நாட்டு டெர்மினலும் வெளிநாட்டு டெர்மினலும் பக்கத்துல பக்கத்துல, நடந்தே போயிடலாம்.

வெளிநாட்டுலேருந்து சென்னை வந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ தனியா உள்நாட்டு டிக்கெட் போடறவங்க நிறைய, அவங்களுக்கு ஒண்ணு. நேரத்த விட அங்க எடைதான் பிரச்சனை. அமெரிக்காலேருந்து 23 கிலோ பெட்டி ரெண்டு இழுத்துக்கிட்டு வருவீங்க, உள்நாட்டு விமானத்துல சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான், மிச்சத்துக்குக் கிலோ கணக்குல கவுண்டர்ல வாங்குவாங்க. முன்கூட்டியே ஆன்லைன்ல எடை வாங்கிடுங்க, இல்ல சென்னைலேருந்து வண்டி வெச்சுப் போயிடுங்க. இமிகிரேஷன் நேரத்தக் குறைக்க அரசாங்கத்தோட ஃபாஸ்ட் ட்ராக் பதிவு ஒண்ணு இருக்கு, இந்திய பாஸ்போர்ட்டுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்க வெச்சிருக்கற ஓசிஐ அட்டைக்கும் உண்டு, 2025 ஜனவரில சென்னைக்கு வந்துது, இப்ப திருச்சிலயும் இருக்கு, அடிக்கடி வர்றவங்க பண்ணி வெச்சுக்கலாம்.

ஒரே டிக்கெட்டா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. பிஎன்ஆர மட்டும் நம்பாதீங்க, ஒரே பிஎன்ஆர்க்குள்ள ரெண்டு டிக்கெட் அடிக்க முடியும். 13 இலக்க இ-டிக்கெட் நம்பரப் பாருங்க, முதல் மூணு இலக்கம் எந்த ஏர்லைன் டிக்கெட்னு சொல்லும், மலேசியா ஏர்லைன்ஸ்னா 232, ஏர் இந்தியான்னா 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 618. ஒரு ஆளோட முழுப் பயணத்துக்கும் ஒரே நம்பர் இருந்தா ஒரே டிக்கெட், ரெண்டு வேற வேற நம்பர் இருந்தா ஏஜென்ட்ட நிக்க வெச்சுக் கேளுங்க. ஏர் ஏசியா மாதிரி மலிவு விலை ஏர்லைன்ல இந்த நம்பர் முறை பெரும்பாலும் வராது, அங்க புக்கிங் நம்பர்தான் எல்லாம். புக்கிங் தளங்கள்ல செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்னு சின்ன எழுத்துல போட்டிருந்தாலும் அது தனித்தனி டிக்கெட்தான், ஒரே பக்கத்துல ஒரே விலையா காட்டறதால ஏமாந்துடாதீங்க. திருச்சி கவுண்டர்ல பெட்டிக்கு ஒட்டற டேக்கையும் ஒரு தடவை பாருங்க, கடைசி ஊரா கேயூஎல்னு இருந்தா பெட்டி கோலாலம்பூர்ல பெல்ட்டுக்கு வந்துடும், எடுக்காம நேரா போயிட்டா பெட்டி அங்கயே கிடக்கும், எம்இஎல்னு இருந்தாதான் மெல்போர்ன் வரைக்கும் போகும்.

டிராவல் இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு சொல்றவங்களுக்கு, பாலிசில மிஸ்டு கனெக்‌ஷன்னு ஒரு வரி இருந்தா அது கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க. முதல் விமானம் இத்தனை மணி நேரத்துக்கு மேல லேட்டாகியிருக்கணும், நடுவுல குறைஞ்சது இத்தனை மணி நேரம் விட்டிருக்கணும்னு நிபந்தனை வெச்சிருப்பாங்க, இமிகிரேஷன் வரிசைல நின்னு விட்டதுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க. அப்படியே கிடைச்சாலும் விமானம் லேட்டானதுக்கு ஏர்லைன்கிட்ட எழுத்துல சான்றிதழ் வாங்கி வெச்சிருக்கணும், அன்னிக்கே அங்கேயே வாங்கிடணும்.

இப்ப உங்களுக்கு நான் சொல்றது. டிக்கெட் இன்னும் போடலன்னா, தனித்தனியா போடவே வேண்டாம். திருச்சிலேருந்தே ஒரே டிக்கெட்ல மெல்போர்ன் போக வழி இருக்கு, ஸ்ரீலங்கன்ல கொழும்பு வழியா, ஸ்கூட்ல சிங்கப்பூர் வழியா, ஒரே புக்கிங்கா போட்டா பெட்டி நேரா போயிடும், சிங்கப்பூர்ல வெளிய வரவும் வேண்டாம். கொழும்புல தமிழ்ல கேட்டா பதில் சொல்ற ஆள் கிடைப்பாங்க, முதல் தடவை போற பெரியவங்களுக்கு அது பெரிய தைரியம், எங்ககிட்ட வர்ற பெரியவங்களுக்கு நான் அதத்தான் முதல்ல சொல்வேன். ஏர் ஏசியாலயே போகணும்னா புக் பண்றப்ப ஃப்ளை-த்ரூன்னு வருதான்னு பாருங்க, வந்தா ரெண்டு விமானமும் அவங்க பொறுப்பு, டெர்மினலும் மாற வேண்டாம்.

ஏற்கனவே போட்டாச்சுன்னா, மெல்போர்ன் டிக்கெட்டத் தொடாதீங்க, திருச்சி–கோலாலம்பூர் டிக்கெட்ட ஒரு நாள் முன்னாடி மாத்துங்க, அதுதான் விலை கம்மியான டிக்கெட், மாத்தற செலவும் கம்மி. டெர்மினல் 2 பக்கத்துலயே நடந்து போற தூரத்துல டியூன் ஹோட்டல் இருக்கு, டெர்மினலுக்குள்ளயே கேப்சூல் ட்ரான்ஸிட்னு சின்ன அறைங்க இருக்கு, ஆனா முட்டி வலிக்கு கேப்சூல் சரிப்படாது, ஹோட்டல் போடுங்க. ரெண்டு ஏர்லைன்லயும் தனித்தனியா வீல்சேர் பதிவு பண்ணுங்க, ஒண்ணுல சொன்னா இன்னொண்ணுக்குப் போகாது. அப்பா கையில மெல்போர்ன் டிக்கெட், ஆஸ்திரேலியா விசா கடிதம், ஹோட்டல் புக்கிங், எம்டிஏசி நாலையும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க, போன்ல இருக்குன்னு விடாதீங்க, திருச்சி கவுண்டர்லயும் மலேசிய இமிகிரேஷன்லயும் "அடுத்து எங்க போறீங்க"ன்னு கேட்டா அந்தப் பேப்பரக் காட்டினா போதும். மாத்திரையெல்லாம் டாக்டர் சீட்டோட கைப்பைல இருக்கட்டும், கொஞ்சம் ரிங்கிட்டும் மலேசியால வேலை செய்யற ரோமிங் பேக்கும் போட்டு விடுங்க. எந்தத் தேதின்னு முடிவானதும் ரெண்டு விமான நம்பரையும் எழுதுங்க, அன்னைக்கு டைம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்றேன்.